வாக்குரிமை வந்த காலமும் மாற்றுக் கருத்தும்

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தி எமது தலைவியைத் தெரிவு செய்கின்றோம். ஒரு தீர்மானம் பிடிக்காவிட்டால் எழுந்து மறுக்கின்றோம். நாட்டுத் தேர்தலில் இந்த உரிமை இலங்கைப் பெண்களுக்கு 1931இலேதான் வந்தது. எமது சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், அந்நாளைய வாதங்களை நினைவுகூருவது பொருத்தமென எண்ணுகின்றோம்.

1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாயிற்று. அதன் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் டொக்டர் மேரி இரத்தினம். அவர் கனடாவில் பிறந்து யாழ்ப்பாணத் தமிழரை மணந்தவர். சங்கத்தினர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்றபோது, தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. தலைவர்கள் பலர் விரும்பாத விடயம் அது. அக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று பதிலளித்தார்.

மறுபக்கத்தில் நின்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்றே கல்லூரி நிறுவிய அப்பெருமகனார், பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். கல்லூரியை நினைத்து அவர் கருத்தை ஏற்கவும் வேண்டியதில்லை. கருத்தை நினைத்து அவர் கல்விப் பணியை மறக்கவும் வேண்டியதில்லை.

இன்னொரு வாதம் எம் வாசலுக்கே வந்தது. டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லையென்று யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கோரியது. வடக்கின் நான்கு தொகுதிகளில் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அவற்றுள் ஒன்று, அனலைதீவு அடங்கிய ஊர்காவற்றுறை. இதனால், நாடெங்கும் பெண்கள் முதன்முதல் வாக்களித்த அந்த யூன் மாதத்தில் எம் தீவுப் பாட்டிமாருக்கு வாக்குச் சாவடியே இருக்கவில்லை. காங்கிரஸ் இளைஞர்கள் சாதி வேற்றுமையை எதிர்த்தவர்கள், இலட்சியம் உடையவர்கள். ஆயினும் அந்தக் கொள்கையின் விலையில் ஒரு பங்கை, புதிதாய் உரிமை பெற்ற பெண்களும் கொடுத்தார்கள். பகிஷ்கரிப்புச் சரியா பிழையா என்ற வாதம் ஊருக்குள்ளேயே எழுந்தது. 1934இல் இடைத்தேர்தல்கள் நடந்தன.

வைத்தியசாலை விடுதியிலும் இதையே காண்கின்றோம். ஒரு தாதியோ பயிற்சி வைத்தியரோ "இது சரியில்லைப் போல கிடக்கு" என்று சொன்னால், சொன்னவரின் பதவியைப் பாராமல் நோயாளியை மீண்டும் ஒருமுறை பார்ப்பதே முறை. பார்த்த பின்னும் எமது முடிவே சரியென்று கண்டால், காரணத்தைச் சொல்லி அதில் நிற்க வேண்டும். கேட்பது பணிந்து போவதன்று. நிலைத்து நிற்பது காதை மூடுவதுமன்று.

அன்புச் சகோதரிகளே, எமது சங்கத்தினர் இன்று பல தேசங்களில் வாழ்கின்றோம். ஊர்ப் பாடசாலைக்கு எது முதலில் தேவை என்பதில் ஒருமித்த கருத்து எப்போதும் இராது. பணம் அனுப்புபவர் சொல்வதை ஊரில் இருப்பவர் கேட்கவேண்டும். ஊரில் இருப்பவர் மறுக்கும்போது பணம் அனுப்புபவரும் கேட்கவேண்டும். முடிவெடுக்கும் முன், அந்த முடிவின் விலையைக் கொடுக்கப்போகிறவர் யார் என்று விசாரிப்போம். அவருக்கும் கூட்டத்தில் ஓர் ஆசனம் போடுவோம்.