வக்கீல் வேணாம்னு சொன்ன சட்டம். அப்போ மனுவை யார் எழுதுறது?

இந்த எபிசோடு கோர்ட்டைப் பத்தி. கொலைக் கேஸ் எல்லாம் இல்ல, ஜீவனாம்சக் கேஸ்.

குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது 1984ல. அதோட 13ஆவது பிரிவு கொஞ்சம் விநோதமானது: இங்க வக்கீல் வச்சு வாதாடுறதை யாரும் உரிமையா கேக்க முடியாது. புருஷனும் பொண்டாட்டியும் நேர்ல வந்து பேசணும். தேவைப்பட்டா நீதிபதி தன் உதவிக்கு ஒரு சட்ட நிபுணரைக் கூப்பிட்டுக்கலாம். சமரசமா, சீக்கிரமா முடியணும்ங்கிறது நோக்கம். நடைமுறையில என்னாச்சுன்னா, அனுமதி வாங்கி வக்கீலோட வர்றதே வழக்கமாயிடுச்சு.

சரி, அந்த கோர்ட் எங்க? 10 லட்சம் பேருக்கு மேல இருக்கிற நகரத்துல கட்டாயம். மத்த இடத்துல, அரசு தேவைன்னு நினைச்சா. இப்போ பெரம்பலூர், அரியலூர் பக்கம் வாங்க. 2011 கணக்கெடுப்புல பெரம்பலூர் மாவட்டம் மொத்தமே 5.65 லட்சம், அரியலூர் 7.55 லட்சம். ஊரை விடுங்க, முழு மாவட்டமே அந்த வரம்பைத் தொடல. சட்டம் வந்தப்போ ரெண்டும் திருச்சி மாவட்டம் வேற. பெரம்பலூர் பிரிஞ்சது 1995ல. அரியலூர் 2001ல பிரிஞ்சு, அடுத்த வருஷமே திரும்ப ஒட்டி, 2007ல மறுபடி பிரிஞ்சுது. (கிட்ல பிராஞ்ச் போட்டு, மெர்ஜ் பண்ணி, திரும்ப பிராஞ்ச் போட்ட கதை.)

ஆனா ஜீவனாம்சத்துக்கு இன்னொரு வழி முன்னாடியே இருந்துச்சு: குற்றவியல் நடைமுறைச் சட்டம், மாஜிஸ்திரேட் கோர்ட். 1898 சட்டப்படி புருஷன் இருக்கிற ஊர்லயோ, கடைசியா சேர்ந்து வாழ்ந்த ஊர்லயோதான் மனு போடணும். அம்மா வீட்டுக்கு வந்துட்ட பொண்ணு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறணும். 1973 சட்டம்தான் 'மனைவி இருக்கிற மாவட்டத்துலயும் போடலாம்'னு மாத்துச்சு. புருஷன் திருப்பூர்ல இருந்தாலும் வேப்பந்தட்டைப் பொண்ணு பெரம்பலூர் மாவட்டத்துக்குள்ளயே மனு போடலாம். எனக்கு 13ஆவது பிரிவை விட இந்த ஒரு வரி பெரிய சீர்திருத்தமா தெரியுது. 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துலயும் இது அப்படியே இருக்கு.

தூரம் குறைஞ்சுது. மனுவை யார் எழுதுறது? இலவச சட்ட உதவி, 1976 திருத்தத்துல அரசியலமைப்போட 39ஏ பிரிவா வந்துச்சு. அதுக்கான சட்டம் 1987ல நிறைவேறி, அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. பெரம்பலூர் மாவட்டம் பிறந்த அதே வருஷம்! ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு சட்டப்பணிகள் ஆணைக்குழு, தலைவர் மாவட்ட நீதிபதி. இங்க ஜனத்தொகை வரம்பு கிடையாது. பெண்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமான வரம்பும் கிடையாது. 'ஏழைங்களுக்குத்தானே'ன்னு நினைச்சு வாசலோட திரும்பாதீங்க.

அடுத்த சிக்கல்: 'எனக்கு வருமானமே இல்லைங்கய்யா'ன்னு புருஷன் கைவிரிச்சா? 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு படிவமே கொடுத்துச்சு. ரெண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் சத்தியப் பிரமாணமா நிரப்பணும். சம்பள ஸ்லிப் இல்லாத விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையுற பெரம்பலூருக்கு அதுதான் பொருந்தும்: நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், ஆடு மாடுல என்ன வருது.

நிரப்பத் தெரியலைன்னா, ஆணைக்குழு ஆபீஸ்ல கேளுங்க. போன்ல கேக்க 15100.