பிரம்புக்குப் பின்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பள்ளி ஒழுங்கும் ஆசிரியர் பயிற்சியும்

மாணவர் தவறு செய்தபின் தண்டிப்பதைவிட, அந்தத் தவறு நேராதபடி வகுப்பறையையும் அன்றாடப் பழக்கங்களையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்வது நேர்மறை நடத்தை ஆதரவு எனப்படும். கோபமோ அச்சமோ எல்லை மீறிய மாணவரை அடிக்காமலும் அவமதிக்காமலும் அமைதிக்குக் கொண்டுவருவது பதற்றத் தணிப்பு. தமிழ்நாட்டில் பிரம்பைக் கீழே வைக்கச் சொன்ன ஆணைகள் முதலில் வந்தன. அதன் இடத்தில் எதை வைப்பது என்னும் பயிற்சி மெதுவாகவே வந்தது. இந்த இடைவெளியின் வரலாறே இக்கட்டுரை.

திண்ணைப் பள்ளிக் காலம்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். இன்றைய விழுப்புரம், திண்டிவனம் பகுதிகள் அடங்கிய தென்னார்க்காட்டில் 875 பள்ளிகள் இருந்ததாக அக்கணக்கெடுப்பு கூறுகிறது. அதே கணக்கெடுப்புக்காகப் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை தண்டனை முறைகளையும் விவரிக்கிறது. முதலில் வந்த மாணவனுக்குப் பாராட்டாக உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். மூன்றாவதாக வந்தவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருபவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடும். சோம்பியிருந்தவனைக் கூரையில் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இதற்குக் ‘கோதண்டம்’ என்று பெயர்.

இதற்கு மாற்றான முயற்சி ஒன்றும் சென்னையிலேயே நடந்தது. எழும்பூரில் 1789 முதல் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளியிலிருந்து மணலில் எழுதும் முறையை எடுத்துக்கொண்டார். அடியைக் குறைக்க முயன்றார். தவறுகளை ஒரு பேரேட்டில் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை மாணவர்கள் முன்னிலையில் படித்து, அவர்களையே தீர்ப்புச் சொல்ல வைத்தார். தண்டிப்பதற்கு முன் பதிவு செய்வதும் ஆராய்வதும் வேண்டும் என்னும் எண்ணம் இதில் இருந்தது.

ஆறு அடி விதி

ஆங்கிலேயர் காலப் பள்ளிகள் அடியை ஒழிக்கவில்லை, அளவு வைத்தன. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி, வேண்டுமென்றே பொய் சொல்லுதல், ஆபாசம், வெளிப்படையான கீழ்ப்படியாமை போன்றவற்றுக்கு மட்டும் கையில் ஆறு அடி வரை அனுமதித்தது. அதையும் தலைமையாசிரியரோ, அவர் மேற்பார்வையில் மற்றொருவரோதான் செய்யலாம். நடைமுறையில் அந்த எல்லை பல இடங்களில் மறக்கப்பட்டது. முட்டி போடுதல், வெயிலில் நிறுத்துதல், தொடையில் கிள்ளுதல் ஆகியவை எந்த விதியிலும் இல்லாமலே நடந்தன. “கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க, சார்” என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போன பெற்றோரும் இருந்தனர். ‘அடியாத மாடு படியாது’ என்பதே ஊரின் கல்வி உளவியலாக இருந்தது.

சட்டம் மாறியது

குழந்தை உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. 2000 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அங்கு உடல் தண்டனையை அனுமதித்த விதியை நீக்கியது. தமிழ்நாடு அரசு 2003இல் 51ஆம் விதியைத் திருத்தி, மாணவருக்கு உடல் வேதனையோ மன வேதனையோ தரக்கூடாது என்று ஆக்கியது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இத்தடையை நாடு முழுவதற்கும் விரித்தது.

வகுப்பறையும் மாறத் தொடங்கியிருந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. ஆசிரியர் பாயில் குழந்தைகளோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் அட்டைகளைக் கடந்தது. பின்தங்கியதற்காக அடி வாங்கும் காரணம் ஒன்று அங்கே குறைந்தது.

2012 பிப்ரவரியில் சென்னையில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே மாணவரால் கொல்லப்பட்டார். அதன்பின் அரசு நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. ஆசிரியரின் பாதுகாப்பும் மாணவரின் மனநிலையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பது அப்போது பலருக்கும் விளங்கியது.

முறையின் உள்ளடக்கம்

நேர்மறை நடத்தை ஆதரவு 1980களில் அமெரிக்காவில், மாற்றுத்திறனாளிகளை வலி கொடுத்துத் திருத்தும் வழக்கத்துக்கு எதிராக உருவானது. ஜார்ஜ் சுகாய், ராபர்ட் ஹார்னர் ஆகியோர் அதைப் பள்ளி முழுமைக்கும் விரித்தனர். இதில் மூன்று அடுக்குகள் உண்டு: எல்லா மாணவருக்கும் பொதுவான சில தெளிவான விதிகள், தடுமாறும் சிலருக்குச் சிறு குழு உதவி, மிகச் சிலருக்குத் தனித் திட்டம்.

பதற்றத் தணிப்புப் பயிற்சியின் அடிப்படை, கோபம் படிப்படியாக ஏறும் என்பதுதான். அமைதி, தூண்டல், கலக்கம், ஏற்றம், உச்சம், தணிவு, மீட்சி என ஏழு கட்டங்களாக அதைப் பிரிப்பார்கள். தூண்டலிலும் கலக்கத்திலும் ஆசிரியரின் ஒரு சொல் பலன் தரும். உச்சத்தில் அறிவுரை எடுபடாது. அப்போது குரலைத் தாழ்த்தி, எட்டி நின்று, மற்ற மாணவரை அப்பால் அனுப்பி, நேரம் தருவதே வேலை. காரணத்தைக் கேட்பது மீட்சிக்குப் பின்.

இந்த வட்டாரத்தின் தேவை

விழுப்புரம் மாவட்டம் 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு செல்லும் உழைப்பாளர்கள் இங்கு உண்டு. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றோர் இருளர் உரிமைக்காகவும் அவர்களுடைய பிள்ளைகளின் கல்விக்காகவும் நெடுங்காலம் உழைத்துள்ளனர். சூளையிலிருந்து ஆண்டின் நடுவில் திரும்பும் பிள்ளைக்குப் பாடம் புரியாது. படிக்கச் சொன்னால் புத்தகத்தை வீசுவான், அல்லது எழுந்து ஓடுவான். அதைத் திமிர் என்று எடுத்து அடித்தால் மறுநாள் வரமாட்டான். ஓர் அடியில் ஒரு தலைமுறையின் படிப்பு நின்றுவிடும். படிக்கத் தெரியாத வெட்கமே தூண்டல் என்று கண்டுகொள்ளும் ஆசிரியர், முதலில் அவனுக்குத் தெரிந்த வேலையைத் தருவார். வாசிப்பைத் தனியே கற்பிப்பார்.

பெருந்தொற்றுக்குப் பின் இத்தேவை கூடியது. 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. நீண்ட நாள் பள்ளியைக் காணாத பிள்ளைகளைத் தன்னார்வலர்கள் மாலையில் ஆட்டத்தோடும் பாட்டோடும் மீண்டும் உட்கார வைத்தார்கள்.

இன்றைய நிலை

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்த 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1098 குழந்தை உதவி எண்ணும் 14417 கல்வி உதவி எண்ணும் மாணவர் அழைப்பதற்கு உள்ளன.

எனினும் ஒரு நாள் கூட்டத்தில் சுற்றறிக்கையை வாசிப்பது பயிற்சியாகாது. வட்டார வள மையத்தில் ஆசிரியர்கள் உண்மை நிகழ்வுகளை நடித்துப் பார்க்க வேண்டும். மறுமாதம் வந்து என்ன நடந்தது என்று பேச வேண்டும். சத்துணவுப் பணியாளர், காவலர், விடுதிக் காப்பாளர் ஆகியோரையும் சேர்க்க வேண்டும். பிள்ளையின் கலக்கத்தை முதலில் காண்பவர் பல நேரம் அவர்களே. கையிலிருந்த பிரம்பை ஓர் ஆணை வாங்கிக்கொள்ள முடிந்தது. அந்த வெறுங்கையோடு முப்பது பிள்ளைகள் முன் நிற்கும் துணிவைப் பயிற்சியால் மட்டுமே தர முடியும்.