கோழிக் கருவின் சிறுநீரகமும் செல் ஒட்டுப் புரதங்களின் வரைபட வரலாறும்

முன்னுரை

ஓர் உறுப்பில் எந்தப் புரதம் எவ்விடத்தில், எக்கட்டத்தில் தோன்றுகிறது என்பதைக் குறிப்பதே திசு வரைபடமாகும். இதற்குக் கோழிக் கருவின் சிறுநீரகம் தக்க களம். முன்சிறுநீரகம், இடைச்சிறுநீரகம், பின்சிறுநீரகம் என மூன்று நிலைகள் அதில் அடுத்தடுத்து உருவாகின்றன. தளர்வான இடைத்திசு செறிந்து குழல்களாக மாறுவதையும் அதில் படிப்படியாகக் காணலாம். இவ்வரைபடம் உருவான வரலாற்றையும், அது எதை நிறுவுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சர்க்கரையைப் பற்றும் புரதங்கள்

ஆமணக்கு விதையின் சாறு குருதிச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதை 1888இல் தோர்பாத் பல்கலைக்கழகத்தில் ஸ்டில்மார்க் கண்டறிந்தார். அவரை இனத்தாவரமொன்றின் புரதமான கான்கனாவலின் ஏ சர்க்கரையுடன் பிணைவதை 1936இல் சம்னரும் ஹோவெலும் காட்டினர். இவ்வகைப் புரதங்களுக்கு 1954இல் பாய்டு ‘லெக்டின்’ எனப் பெயரிட்டார். தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் வேர். பின்னர், ஒளிர்சாயம் ஏற்றிய தாவர லெக்டின்கள் திசுச் சீவல்களில் சர்க்கரைச் சங்கிலிகளை இனங்காட்டும் கருவிகளாயின.

விலங்குத் திசுவிலேயே லெக்டின் உண்டு என்பது அடுத்த திருப்பம். லாக்டோஸால் தடுக்கப்படும் லெக்டின் கோழிக் கருவின் தசையில் இருப்பது 1976இல் வெளியானது. இக்குடும்பம் 1994இல் ‘கேலெக்டின்’ எனப் பெயர் பெற்றது. கோழியின் வளரும் சிறுநீரகத்தில் இரு கேலெக்டின்களின் இடமும் காலமும் பின்னர்க் குறிக்கப்பட்டன.

செல்களை ஒட்டவைக்கும் புரதங்கள்

மற்றோர் ஆய்வு மரபு இச்சிறுநீரகத்திலேயே தொடங்கியது எனலாம். 1952இல் மொஸ்கோனா இணையர் கோழிக் கருவின் கைகால் அரும்பையும் இடைச்சிறுநீரகத்தையும் டிரிப்சினால் தனிச் செல்களாகப் பிரித்தனர். அச்செல்கள் மீண்டும் ஒன்றுகூடின. கோழி, எலிக் கருக்களின் செல்களைக் கலந்தபோது அவை இனவாரியாக அன்றி உறுப்புவாரியாகப் பிரிந்து சேர்ந்ததை 1957இல் மொஸ்கோனா காட்டினார். எனவே, தன்னைப் போன்ற செல்லை அறியும் பொருள் செல்லின் புறப்பரப்பில் உண்டு என்னும் கருத்து வலுப்பெற்றது.

அப்பொருளைத் தேடிய எடெல்மன் குழுவினர் எதிர்ப்பொருள்களின் துணையால் என்-கேம், எல்-கேம் ஆகிய புரதங்களைக் கோழிக் கருவில் கண்டறிந்தனர். எல்-கேம், பாலூட்டிகளின் ஈ-கேடரினுக்கு இணையானது. சிறுநீரக இடைத்திசுவில் என்-கேம் காணப்படுகிறது. அது குழலாக மாறும்போது எல்-கேம் தோன்றுகிறது. இம்மாற்று முறையே வரைபடத்தின் முதன்மைப் பயன்.

இருப்பும் பணியும்

எனினும், ஓரிடத்தில் இருப்பது அங்கு இன்றியமையாதது என்பதற்குச் சான்றாகாது. கேலெக்டின்-1 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் உயிர்பிழைத்து வளர்ந்ததாக 1993இல் அறிவிக்கப்பட்டது. என்-கேம் இல்லாதவையும் உயிர்பிழைத்தன. ஈ-கேடரின் இல்லாத கருக்களோ கருப்பையில் பதியும் கட்டத்தையே தாண்டவில்லை. வரைபடத்தில் ஒரே வகைக் குறியாகத் தோன்றும் புரதங்களின் பணி இவ்வளவு வேறுபடுகிறது. இச்சோதனைகள் சுண்டெலியில் நிகழ்ந்தவை. கோழியின் சிறுநீரகத்திற்கு அவற்றை அப்படியே பொருத்துவதும் முறையன்று.

முடிவுரை

லெக்டின் மரபும் ஒட்டுப் புரத மரபும் தனித்தனியே தோன்றிக் கோழிக் கருவின் சிறுநீரகத்தில் சந்தித்தன. புரதம் தோன்றும் இடத்தையும் காலத்தையும் வரைபடம் உறுதிசெய்கிறது. அதன் பணியை நீக்கச் சோதனையே உறுதிசெய்யும். இவ்விரு சான்றுகளையும் வேறுபடுத்தி எழுதுதல் ஆய்வாளரின் கடமையாகும்.