தென்புலத்தார்: பொருளும் வழக்கும்

இறந்துபோன முன்னோரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் 'தென்புலத்தார்'. புலம் என்பது இடம். தென்திசையாகிய இடத்தில் உறைவோர் என்பது நேர்ப்பொருள். திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்தில், 43ஆம் குறள், இல்லறத்தான் பேண வேண்டிய ஐவருள் இவர்களையே முதலில் வைக்கிறது. தெய்வம், விருந்து, சுற்றம், தான் என்பன பின்னரே வருகின்றன. புறநானூற்றின் 9ஆம் பாடல், தென்புலத்தில் வாழ்வோர்க்குப் புதல்வர் ஆற்றும் கடனைக் குறிப்பிடுகிறது.

'மூதாதையர்' என்னும் சொல்லுக்குள் தாதை, அதாவது தந்தை, இருக்கிறார். 'பிதிரர்' என்னும் வடசொல்லும் தந்தையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. 'தென்புலத்தார்' என்பதிலோ தந்தையும் இல்லை, குலமும் இல்லை. இறந்தோரை அவர்கள் இருக்கும் இடத்தைக் கொண்டே அச்சொல் அடையாளப்படுத்துகிறது.

உரைமரபு இச்சொல்லை வேறு வழியில் செலுத்தியது. படைப்புக் காலத்தில் பிரமனால் படைக்கப்பட்ட பிதிரர் என்னும் தேவ வகுப்பினரே தென்புலத்தார் என்று பரிமேலழகர் பொருள் உரைத்தார். பிதிரர் என்றவுடன் சிராத்தமும் அதற்குரிய வருண விதிகளும் உடன்வருகின்றன. மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர் என நால்வருக்கும் தனித்தனிப் பிதிரர் வகுப்புகளைச் சொல்கிறது. வருணத்துக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோருக்கு அப்பட்டியலில் எவரும் இல்லை. சிராத்த உணவைச் சண்டாளன் பார்க்கவும் கூடாது என்கிறது அதே அத்தியாயம். உயிரோடு இருப்பவரைத் தள்ளிவைத்த சாதி, அவருடைய முன்னோரையும் கணக்கில் கொள்ளவில்லை.

இவ்விலக்கு ஏட்டோடு முடிந்துவிடவில்லை. ஊரார் பிணங்களுக்குப் பறையடிக்கவும் குழி வெட்டவும் சிதை காக்கவும் தலைமுறை தலைமுறையாகக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்களுக்குத் தம்முடைய இறந்தோரைக் கொண்டுசெல்லப் பாதை மறுக்கப்படுகிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், தலித் ஒருவரின் உடல் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இடுகாட்டையும் சுடுகாட்டையும் பிறருக்கு நிகராகப் பயன்படுத்துவதைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். 3(1) பிரிவின் இக்கூற்றைப் புகார் மனுவில் குறிப்பிட்டு எழுதலாம்.

ஆகவே மேடையிலும் எழுத்திலும் 'தென்புலத்தார்' என்னும் சொல்லைப் பிதிரர் என்பதன் மறுபெயராகக் கையாள வேண்டியதில்லை. அச்சொல் இறந்தோருக்கு இடம் உண்டு என்கிறது. சுடுகாட்டுப் பாதைக்காகப் போராடுவோர் கேட்பதும் அவ்விடத்தையே.