அக்னிகுல் காஸ்மோஸ்

அக்னிகுல் காஸ்மோஸ் என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தனியார் விண்வெளி நிறுவனம் ஆகும். இது 2017 ஆம் ஆண்டில் ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மோயின் எஸ்.பி.எம். ஆகியோராலும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் சத்தியநாராயணன் சக்கரவர்த்தியின் துணையுடனும் தொடங்கப்பட்டது. சிறு செயற்கைக்கோள்களைப் புவியின் தாழ்வட்டப் பாதையில் செலுத்துவதற்கான அக்னிபாண் என்னும் ஏவூர்தியை உருவாக்குவதே இதன் முதன்மை நோக்கம். பெரிய ஏவூர்திகள் குறைந்த கட்டணத்தில் பல செயற்கைக்கோள்களை ஒன்றாக ஏற்றிச் செல்லும் சந்தையில், சிறிய ஏவூர்தி ஒன்று தாக்குப்பிடிக்கும் என்ற நம்பிக்கையின் மீது இந்நிறுவனம் கட்டப்பட்டுள்ளது. அந்நம்பிக்கையின் அடிப்படைகளையும் அதற்கு எதிரான வாதங்களையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

வரலாறு

ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றவர். பின்னர் அமெரிக்காவில் நிதிப் பொறியியலும் வான்வெளிப் பொறியியலும் கற்றார். நிறுவனம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆதரவில் வளர்ந்தது.

இந்தியாவில் 2020 வரை ஏவூர்தித் துறை பெரும்பாலும் அரசின் கையிலேயே இருந்தது. தனியார் நிறுவனங்கள் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்கு (இஸ்ரோ) உதிரிப்பாகங்கள் செய்து கொடுத்தனவே தவிர, சொந்தமாக ஏவூர்தி செலுத்த வழியில்லை. 2020 ஜூன் மாதத்தில் நடுவண் அரசு இத்துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டு, இன்-ஸ்பேஸ் என்னும் அங்கீகார அமைப்பை ஏற்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் விண்வெளித் துறையுடன் அக்னிகுல் ஒப்பந்தம் செய்துகொண்டது. இதன்மூலம் இஸ்ரோவின் சோதனைக் கூடங்களையும் வல்லுநர்களின் ஆலோசனையையும் பெற முடிந்தது.

2022 ஜூலையில் சென்னையில் ஏவூர்திப் பொறிகளை முப்பரிமாண அச்சு முறையில் தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா சதீஷ் தவான் விண்வெளி மையத்தில் நிறுவனத்தின் சொந்த ஏவுதளம் திறந்து வைக்கப்பட்டது. இது இந்தியாவின் முதல் தனியார் ஏவுதளம் ஆகும்.

2024 சோதனைப் பறப்பு

2024 மே 30 அன்று காலை அக்னிபாண் சார்ட்டெட் என்னும் ஒற்றைக் கட்டச் சோதனை ஏவூர்தி இந்த ஏவுதளத்திலிருந்து செலுத்தப்பட்டது. இதற்கு முன் நான்கு முறை ஏவுதல் நிறுத்தப்பட்டிருந்தது. மே 28 அன்று புறப்படுவதற்குச் சில நொடிகளே இருந்த நிலையில் நிறுத்தப்பட்டது குறிப்பிடத்தக்கது. ஐந்தாவது முயற்சி வெற்றி பெற்றது.

இப்பறப்பின் சிறப்பு அதன் பொறியில் உள்ளது. ஒரே துண்டாக முப்பரிமாண முறையில் அச்சிடப்பட்ட செமி-கிரையோஜெனிக் பொறி ஒன்று பறந்தது உலகில் இதுவே முதல்முறை. நீர்ம ஆக்சிஜனும் விமான எரிபொருள் வகை மண்ணெண்ணெயும் இதில் உந்துபொருட்களாகப் பயன்பட்டன. வழக்கமான பொறியில் நூற்றுக்கணக்கான பாகங்களைத் தனித்தனியே செய்து பற்றவைத்து இணைக்க வேண்டும். இணைப்பு ஒவ்வொன்றும் கசிவுக்கு இடம் தரக்கூடியது. சோதித்துப் பார்க்க நேரமும் ஆளும் தேவை. ஒரே துண்டாக அச்சிடும்போது இவ்வேலை பெருமளவு குறைந்து, பொறி சில நாட்களில் உருவாகிவிடுகிறது.

எனினும் இது துணைச் சுற்றுப்பாதைப் பறப்பே ஆகும். செயற்கைக்கோள் எதனையும் சுற்றுப்பாதையில் நிறுத்துவது இதன் நோக்கம் அன்று.

சந்தைப் போட்டி

சிறு ஏவூர்தி நிறுவனங்களுக்கு முதல் எதிரி மற்றொரு சிறு ஏவூர்தி அன்று. பெரிய ஏவூர்தியில் இடம் பகிர்ந்து செல்லும் முறையே. 2017 பிப்ரவரி 15 அன்று இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. சி-37 ஏவூர்தி 104 செயற்கைக்கோள்களை ஒரே பயணத்தில் கொண்டு சென்றது. 2021 ஜனவரி 24 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ஏவூர்தி 143 செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றது. ஸ்பேஸ்எக்ஸ் இப்பகிர்வுச் சேவைக்கு 2019 இல் அறிவித்த கட்டணம் 200 கிலோகிராமுக்கு 10 இலட்சம் டாலர், அதாவது கிலோகிராமுக்கு 5,000 டாலர். பின்னர் இக்கட்டணம் உயர்த்தப்பட்டது. நியூசிலாந்தில் தோன்றிய ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலக்ட்ரான் சிறு ஏவூர்தியோ ஏறத்தாழ 300 கிலோகிராம் சுமப்பதற்குச் சுமார் 75 இலட்சம் டாலர் பெற்று வந்தது. இது கிலோகிராமுக்கு 25,000 டாலர் ஆகும். கிலோகிராம் கணக்கில் மட்டும் பார்த்தால் சிறு ஏவூர்தி வெல்ல வழியே இல்லை.

சிறு ஏவூர்திப் பிரிவிலும் போட்டியாளர்கள் உள்ளனர்:

* எலக்ட்ரான்: 2024 ஜூன் மாதத்தில் ஐம்பதாவது பயணத்தை நிறைவு செய்தது.
* எஸ்.எஸ்.எல்.வி.: இஸ்ரோ உருவாக்கியது, 500 கிலோகிராம் சுமையை 500 கி.மீ. உயரத்திற்குக் கொண்டு செல்லும். 2022 இல் முதல் பயணம் தோல்வியுற்றது. 2023, 2024 பயணங்கள் வெற்றி பெற்றன. இதன் தொழில்நுட்பத்தைப் பெறும் ஏலத்தில் 2025 ஜூனில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 511 கோடி ரூபாய்க்கு வென்றது.
* ஸ்கைரூட்: ஐதராபாத்தைச் சேர்ந்த நிறுவனம். 2022 நவம்பர் 18 அன்று இதன் விக்ரம்-எஸ், இந்தியாவின் முதல் தனியார் ஏவூர்தியாகப் பறந்தது.

நம்பிக்கையின் அடிப்படைகள்

அக்னிகுல் நிறுவனம் கிலோகிராம் விலையில் போட்டியிடவில்லை. வாடிக்கையாளர் விரும்பும் நேரத்தில், விரும்பும் சுற்றுப்பாதைக்கு என்பதே அது விற்கும் சரக்கு. இதனைப் பேருந்துடன் ஒப்பிட்டு விளக்கலாம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் பேருந்தில் கட்டணம் குறைவு. ஆனால் அது புறப்படும் நேரமும் செல்லும் வழியும் பயணியின் விருப்பத்திற்கு உட்பட்டவை அல்ல. வெண்ணாற்றங்கரையில் உள்ளடங்கிய ஊருக்குக் குறித்த நேரத்தில் போக வேண்டியவர் கூடுதலாகக் கொடுத்து வாடகை வண்டி அமர்த்துகிறார்.

விண்வெளியிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டின் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபர் 12 அன்று பி.எஸ்.எல்.வி. சி-18 மூலம் ஏவப்பட்டது. அதன் முதன்மைப் பயணி மேகா-டிராபிக்ஸ் என்னும் இந்திய-பிரெஞ்சு வானிலைச் செயற்கைக்கோள். எனவே அதற்குரிய 20 பாகைச் சாய்வுப் பாதைக்கே மாணவர்களின் செயற்கைக்கோளும் சென்றது. உடன் செல்லும் பயணி பாதையைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இந்நோக்கத்திற்கு ஏற்ப அக்னிபாண் வடிவமைக்கப்பட்டுள்ளது. சுமையின் எடைக்கும் பாதைக்கும் ஏற்ப முதற்கட்டத்தின் பொறிகளின் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்; அதிகபட்சம் ஏழு. பொறிகளை அச்சிடுவதால், ஆண்டுக்குச் சில ஏவூர்திகள் மட்டுமே விற்றாலும் பெரிய தொழிற்சாலைச் செலவைச் சுமக்க வேண்டியதில்லை என்பது நிறுவனத்தின் கணக்கு.

குலசேகரன்பட்டினமும் இக்கணக்கில் இடம்பெறுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் இவ்வூரில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதள வளாகத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ஏவூர்தி இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டும். அவ்வளைவில் செலவாகும் எரிபொருள் பெரிய ஏவூர்திக்குத் தாங்கக்கூடியது. சிறிய ஏவூர்திக்கோ சுமைத்திறனில் பெரும்பகுதியை இழக்கச் செய்வது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கு நோக்கிச் செல்லலாம்.

காவிரிப் படுகையும் சிறு செயற்கைக்கோள்களும்

ஏவூர்திச் சந்தை செயற்கைக்கோளின் தேவையைப் பொறுத்தது. அத்தேவை எத்தகையது என்பதற்குக் காவிரிப் படுகை நல்ல எடுத்துக்காட்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் சம்பா நெல் வளரும் காலத்தின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது மேகம் மூடியிருப்பதால் சாதாரண ஒளிப்படச் செயற்கைக்கோள்களால் வயலைக் காண இயலாது. ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவும். நீர் தேங்கிய நடவு வயலிலிருந்து எதிரொலி குறைவாகவும், பயிர் வளர வளர அதிகமாகவும் வருவதால் சாகுபடிப் பரப்பைக் கணக்கிட முடிகிறது.

2016 இல் காவிரியில் நீர்வரத்துக் குறைந்து பருவமழையும் பொய்த்தபோது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்தகைய ரேடார் தரவுகளைப் பயிர்க் காப்பீட்டு மதிப்பீட்டிற்குப் பயன்படுத்தியது. விதைக்க முடியாமல் போன நிலங்களை அடையாளம் காணவும் இது உதவியது. உழவருக்கு இழப்பீடு எப்போது, எவ்வளவு கிடைக்கும் என்பது வானிலிருந்து வரும் படத்தையும் சார்ந்திருக்கிறது.

இத்தகைய பணிகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஐரோப்பிய சென்டினல்-1 இணையில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதடைந்தது. இரண்டும் இயங்கியபோது ஒரே இடத்தை ஆறு நாட்களுக்கு ஒருமுறை காண இயன்றது. ஒன்று நின்றதும் அது பன்னிரண்டு நாட்களானது. மாற்றுச் செயற்கைக்கோள் 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. இடையில் அதற்குரிய வேகா-சி ஏவூர்தி 2022 இல் தோல்வியுற்றது தாமதத்திற்கு ஒரு காரணம். சென்டினல்-1 இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ளது. அக்னிபாணால் சுமக்க இயலாதது. ஆயினும் அதே பணியைப் பல சிறு செயற்கைக்கோள்கள் பகிர்ந்துகொண்டு, பழுதடைந்ததற்கு உடனே மாற்று அனுப்பும் ஏற்பாட்டின் பயன் இதிலிருந்து விளங்கும்.

எதிர்வாதங்கள்

சிறு ஏவூர்தித் துறையின் அண்மைக்கால வரலாறு ஊக்கமளிப்பதாக இல்லை. விர்ஜின் ஆர்பிட் நிறுவனம் 2023 ஏப்ரலில் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. பெரும்பகுதி அச்சிடப்பட்ட டெர்ரன்-1 ஏவூர்தி 2023 மார்ச்சில் சுற்றுப்பாதையை எட்டத் தவறியதும், அதனை உருவாக்கிய ரிலேட்டிவிட்டி நிறுவனம் அதைக் கைவிட்டுப் பெரிய ஏவூர்திக்கு மாறியது. சிறு ஏவூர்தியில் வெற்றிபெற்ற ராக்கெட் லேப் நிறுவனமே 2021 மார்ச்சில் நியூட்ரான் என்னும் பெரிய ஏவூர்தித் திட்டத்தை அறிவித்தது.

மேலும் பேருந்து உவமைக்கும் ஒரு மறுப்பு உண்டு. பேருந்தில் இறங்கிச் சிற்றுந்து பிடிப்பது போல, பெரிய ஏவூர்தியில் சென்று அங்கிருந்து செயற்கைக்கோளைத் தனக்குரிய பாதைக்கு நகர்த்தும் விண்வெளி இழுவை வண்டிகள் 2020 முதல் இயங்கி வருகின்றன. ஆனால் உயரத்தை மாற்றுவது எளிது. பாதையின் சாய்வை மாற்ற மிகுந்த எரிபொருள் வேண்டும். ஆகவே இவ்வண்டிகள் எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்வதில்லை.

மதிப்பீடு

அக்னிகுல் நிறுவனத்தின் நம்பிக்கை இரண்டு கூற்றுகளாகப் பிரியும். அச்சிடப்பட்ட பொறி வேலை செய்யும் என்பது ஒன்று. இதற்கு 2024 பறப்பு சான்றளித்துள்ளது. நேரத்தையும் பாதையையும் தாமே முடிவு செய்வதற்காகப் பல மடங்கு கட்டணம் தரும் வாடிக்கையாளர்கள் போதுமான அளவில் உள்ளனர் என்பது மற்றொன்று. இதைச் சோதனைக் கூடத்தில் நிறுவ இயலாது. ஆண்டுதோறும் தவறாமல் ஏவி, ஒவ்வொரு முறையும் கட்டணம் செலுத்தும் சுமையை ஏற்றிச் செல்வதன் மூலமே அது மெய்ப்பிக்கப்படும்.