பூட்டு சொல்லும் பதில்: ஹாப்ஸ், 1851

பூட்டுத் திறக்கும் பொழுதுபோக்கில் இறங்கி ஆறு மாதம் ஆகிறது. காசு கொடுத்து வாங்கிய சொந்தப் பூட்டுகளை வீட்டில் உட்கார்ந்து சாவி இல்லாமல் திறந்து பழகுவது, அவ்வளவுதான். அடுத்தவர் பூட்டைத் தொடக்கூடாது, தினமும் பயன்பாட்டில் இருக்கும் பூட்டையும் தொடக்கூடாது என்று இரண்டு விதிகள் உண்டு. இந்தப் பழக்கம் உள்ளவர்கள் எங்கே இருந்தாலும் இவற்றை மதிக்கிறார்கள்.

புதியவர்களுக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் பாடம், பூட்டு பதில் சொல்லும், அதைக் கவனி என்பது. என்ன பதில், அதை எதை வைத்துக் கேட்பது என்று கேட்டால் ‘கையில் தெரியும்’ என்பார்கள். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பூட்டு ஏன் பேசுகிறது, அது பேசுகிறது என்பதை உலகத்துக்கு முதலில் உரக்கச் சொன்னது யார் என்று தேடப் போனேன். தேடல் 1851-ஆம் வருட லண்டனில் போய் நின்றது.

அதற்கு முன் கொஞ்சம் பின்னணி. நம் ஊர்க் கடைகளில் ‘6 லீவர்’, ‘7 லீவர்’ என்று பொறித்த பூட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த லீவருக்கு ஒரு மூதாதை உண்டு. 1778-ல் ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற பூட்டு அது. உள்ளே இருக்கும் தகடுகளைச் சாவி தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. இந்த ‘கூடுதலாகவும் கூடாது’தான் அன்றைக்குப் புதுசு.

அடுத்து ஜோசப் பிராமா. 1784-ல் காப்புரிமை வாங்கினார். வட்டமான சாவி, அதன் முனையில் வெவ்வேறு ஆழத்துக்கு வெட்டுகள். பூட்டுக்குள் அந்த வெட்டுகளுக்கு ஏற்ப நகரும் தகடுகள். ஒவ்வொரு தகடும் சரியான ஆழத்துக்குப் போனால்தான் நடுவில் உள்ள உருளை சுழலும். 18 தகடுகள் கொண்ட ஒரு பூட்டைப் பிக்காடில்லியில் தன் கடை ஜன்னலில் மாட்டி, சாவி இல்லாமல் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். அந்தப் பூட்டைச் செய்தது அப்போது இளைஞராக இருந்த ஹென்றி மாட்ஸ்லே. பின்னாளில் இயந்திரக் கருவிகளின் வரலாற்றையே மாற்றிய கை அது. அறுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பூட்டு அப்படியே தொங்கியது.

மூன்றாவது, 1818-ல் ஜெரமையா சப் காப்புரிமை பெற்ற ‘டிடெக்டர்’ பூட்டு. போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் போலிச் சாவி போட்டுத் திருட்டு நடந்தது. அதன் பிறகு அரசாங்கம் கேட்டதற்காகப் பிறந்த பூட்டு இது. யாராவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்துக்கொள்ளும். பூட்டு இறுகிவிடும். சொந்தக்காரர் வந்து தன் சாவியைப் போட்டால் திறக்காது, அப்போதே அவருக்குத் தெரிந்துவிடும், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று. பின்னால் வந்த மாதிரிகளில் சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினால் பழைய நிலைக்கு வந்துவிடும். போர்ட்ஸ்மத்தில் கப்பல் சிறையில் இருந்த ஒரு கைதி, தொழிலால் பூட்டுக்காரர், திறந்தால் விடுதலை, கூடவே 100 பவுண்டு என்ற வாக்குறுதியோடு மாதக்கணக்கில் முயன்று கைவிட்டார் என்பது சப் நிறுவனத்தின் பெருமைக் கதை. ஹைட் பார்க்கில் 1851 மே மாதம் தொடங்கிய மாபெரும் கண்காட்சியில் நம் கோஹினூர் வைரத்துக்குக் காவல் கூண்டு செய்ததும் சப்தான்.

அந்தக் கண்காட்சிக்குத்தான் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் வந்தார். பாஸ்டனில் 1812-ல் பிறந்தவர், நியூயார்க்கின் டே அண்ட் நியூவல் நிறுவனத்தின் பூட்டை விற்க வந்த ஆள். தன் சரக்கு உசத்தி என்று காட்ட, அடுத்தவர் சரக்கைத் திறந்து காட்டுவதுதான் அவர் வழி. ஜூலை 22 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில், கிரேட் ஜார்ஜ் தெரு 34-ஆம் எண் கட்டடத்தில் ஒரு காப்பறைக் கதவின் சப் டிடெக்டர் பூட்டைச் சாட்சிகள் முன்னால் 25 நிமிடத்தில் திறந்தார். இன்னொரு 7 நிமிடத்தில், பூட்டுக்கு எந்தச் சேதமும் இல்லாமல் மறுபடி பூட்டியும் காட்டினார்.

எப்படி? என் ஆறு மாத சந்தேகத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

லீவர் பூட்டில் நாக்கோடு சேர்ந்த ஒரு சின்ன முளை இருக்கும். ஒவ்வொரு லீவரிலும் ஒரு காடி வெட்டியிருக்கும். எல்லாக் காடிகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால் முளை உள்ளே நுழையும், நாக்கு நகரும். ஹாப்ஸ் முதலில் நாக்கைத் திறக்கும் பக்கமாக மெதுவாக அழுத்தினார். முளை போய் லீவர்களின் விளிம்பில் முட்டும். காகிதக் கணக்கில் அது எல்லா லீவரிலும் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். ஆனால் மனிதன் அரம் போட்டுச் செய்த ஆறு தகடுகள் துல்லியமாக ஒரே அளவில் இருக்குமா? தலைமுடி அளவு கூடக்குறைய இருக்கத்தான் செய்யும். ஆக, எல்லாவற்றுக்கும் முன்னால் ஏதோ ஒன்று முளையோடு உரசும். அந்த ஒன்று மட்டும் விறைப்பாக இருக்கும், மற்றவை ஸ்பிரிங்கின் மேல் தளர்வாக ஆடும். விறைப்பானதைத் தேடிப்பிடித்துத் தூக்கினால், காடி முளைக்கு நேராக வரும்போது நாக்கு ஒரு துளி நகரும். உடனே அடுத்த லீவர் விறைக்கும். பிறகு அதைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். அன்றைய ஆங்கிலப் புத்தகங்கள் இதைத் தடவிப் பார்த்துத் தேடும் முறை என்ற பொருளில் எழுதின.

பூட்டு பேசுவது தன் குறையால்தான். அளவுகள் துல்லியமாக ஒத்துப்போன பூட்டு ஒன்று இருந்தால் அது ஊமையாக இருக்கும். அப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை.

டிடெக்டர் என்ன ஆனது? இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். திருடனைக் காட்டிக்கொடுக்க வைத்த அந்த ஸ்பிரிங், ஹாப்ஸுக்கு உளவாளியாக வேலை பார்த்தது. லீவர் உயரம் கூடிவிட்டால் டிடெக்டர் விழும். அதாவது, ‘இதுக்கு மேலே போகாதே’ என்று பூட்டே அளவு சொல்கிறது! அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழியும் பூட்டுக்குள்ளேயே இருந்தது.

இரண்டு நாளில் பிராமா பூட்டு. நடுவர் குழு வைத்து, ஜூலை 24-ல் ஆரம்பித்து ஆகஸ்ட் 23 வரை. மொத்தம் 16 நாள் உட்கார்ந்து 51 மணி நேரம் வேலை செய்தார். சராசரி பார்த்தால் நாளைக்கு மூன்று மணி நேரம் சொச்சம். விரல் மரத்துப்போவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று தெரிந்த ஆளின் கணக்கு அது என்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான். பூட்டு பொருத்தியிருந்த பலகையிலேயே ஒரு அமைப்பைத் திருகிவைத்து, உருளைக்கு எப்போதும் ஒரே மாதிரி அழுத்தம் கிடைக்கச் செய்தார். எந்தத் திருடனுக்கு இந்த வசதி கிடைக்கும் என்று பிராமா நிறுவனம் சண்டை போட்டது. நியாயமான கேள்விதான். ஆனாலும் நடுவர்கள் பரிசைக் கொடுக்கச் சொன்னார்கள், 200 கினியும் கைமாறியது.

அந்த மாறாத அழுத்தம்தான் விஷயமே. வைத்தியர் நாடி பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விரலை அழுத்தினால் நாடி அடங்கிவிடும், தூக்கினால் தெரியாது. பூட்டும் அப்படியே. இன்று நம் கைக்கு வரும் பின் பூட்டு, லைனஸ் யேல் ஜூனியர் 1860-களில் வடிவமைத்த உருளைப் பூட்டின் வாரிசு. ஐந்து பின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மேல் பின், அதற்கு மேல் ஸ்பிரிங். வளைந்த ஒரு தகட்டால் உருளையைத் திருப்பும் பக்கம் தாங்கிக்கொண்டு, இன்னொரு கம்பியால் பின்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் அந்தத் தகட்டைச் சாவி மாதிரி முறுக்குவார்கள். அப்போது ஐந்து பின்னும் சேர்ந்து விறைத்துவிடும், எது முதல் என்று சொல்ல முடியாது. கணினி விசைப்பலகையில் எழுத்தை அழுத்தாமல் விரலை வைத்திருக்கும் பாரம், பல பூட்டுகளுக்கு அதுவே போதும்.

நான் பழகும் பித்தளைப் பூட்டில் முதலில் விறைப்பது மூன்றாவது பின். அதைத் தள்ளும்போது பஞ்சு மாதிரி இல்லாமல் கல் மாதிரி எதிர்க்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் ‘டிக்’ என்று ஒரு சிலிர்ப்பு. காதுக்கு வருவதற்கு முன்னால் அது இடது கை விரலுக்கு வந்துவிடுகிறது, உருளை இம்மியளவு திரும்புவதால். பிறகு அந்தப் பின் லேசாக லொடலொடக்கும். தூக்கம் கூடிவிட்டால் லொடலொடப்பும் இருக்காது, ஸ்பிரிங்கும் இருக்காது, அப்படியே செத்துக் கிடக்கும். பஞ்சு, கல், டிக், லொடலொட, செத்தது: இந்த வார்த்தைகளை எனக்கு நானே வைத்துக்கொண்ட பிறகுதான் விரலுக்கு வித்தியாசம் பிடிபட ஆரம்பித்தது. கையில் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குப் பேர் வைத்தால் சீக்கிரம் தெரியும்.

பூட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பூட்டைப் பொய் சொல்ல வைப்பது என்ற யோசனை ஹாப்ஸுக்கு முன்பே வந்துவிட்டது. 1817-லேயே பிராமா நிறுவனத்தில் ரஸ்ஸல் என்பவர் தகடுகளில் பொய்க் காடிகளை வெட்டினார். ஆழம் குறைந்த காடி. வந்து மாட்டும்போது சரியான இடம் மாதிரியே தெரியும், ஆனால் இல்லை. இன்றைய பூட்டுகளில் நூல்கண்டு வடிவத்தில் நடுவில் ஒடுங்கிய பின்கள் இதே வேலையைச் செய்கின்றன. உருளை திடீரென்று நிறையத் திரும்பும், திறந்தாச்சு என்று மனசு குதிக்கும், அங்கேயே நின்றுவிடும். அப்போது எந்தப் பின்னைத் தள்ளினால் உருளை பின்பக்கமாக உங்கள் விரலைத் தள்ளுகிறதோ, பொய் அங்கே இருக்கிறது. அழுத்தத்தைத் தளர்த்தி அதை விட்டுக்கொடுக்க வேண்டும். நகம் கடிக்க வைக்கும் வேலை.

ஹாப்ஸ் பிற்பாடு தன் சொந்தப் பூட்டில் வேறு வழி பார்த்தார். முளையையே அசையும்படி வைத்தார். நாக்கை யாராவது அழுத்தினால் முளை சாய்ந்து சட்டத்தில் முட்டிக்கொள்ளும், லீவர்களுக்கு அழுத்தம் போகாது. பொய் சொல்வதற்குப் பதில் வாயை மூடுவது. பொய்க் காடியைவிட இதுதான் நேர்த்தியான யோசனை என்பேன். அதற்காக அவர் கொண்டுவந்த அமெரிக்கப் பூட்டு என்றைக்கும் வெல்ல முடியாததாக இருந்துவிடவில்லை. சில வருடங்களில் லைனஸ் யேல் ஜூனியரே அதைத் திறந்து காட்டினார்.

இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா என்ற சண்டை அன்றைக்கே பத்திரிகைகளில் நடந்தது. 1853-ல் சார்லஸ் டாம்லின்சன் தொகுத்து, ஹாப்ஸின் அறிவைக் கொண்டு வந்த பூட்டுகள் பற்றிய நூல் அதற்கு நேரடியாகவே பதில் சொன்னது. திருடர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டை வாங்குகிற நல்லவர்கள்தான் என்பது அதன் வாதம். கணினிப் பாதுகாப்பில் இருப்பவர்கள் இன்றும் இந்த நூலை மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஹாப்ஸ் லண்டனிலேயே பூட்டு நிறுவனம் தொடங்கினார். 1860-ல் அமெரிக்கா திரும்பி, தையல் இயந்திரம், பிறகு துப்பாக்கித் தோட்டா என்று வேறு தொழிற்சாலைகளில் வேலை பார்த்து 1891-ல் இறந்தார். பிராமாவின் சவால் பூட்டு இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.