பதினெட்டுக்குள் மூன்று

ஆட்டையாம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முறுக்குதான். விடிவதற்கு முன் அந்தத் தெருக்களைக் கூட்டுகிறவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. சேலம், நாமக்கல் பக்கம் அந்த வேலை பெரும்பாலும் அருந்ததியர் தலையில்தான் விழுந்தது.

இன்று கம்பெனிகள் 'பன்முகத்தன்மை' என்று பயிற்சி வகுப்பு எடுக்கின்றன. சென்னை மாகாணத்தில் இந்தக் கணக்கு 1920களிலேயே தொடங்கிவிட்டது. வகுப்புவாரி அரசாணைப்படி 12 பதவிகளில் 1 ஒடுக்கப்பட்டோருக்கு. 1947இல் 14க்கு 2. பின்னாளில் 18 சதவீதம்.

அந்தப் 18க்குள் யார் யார் இருக்கிறார்கள்? இதைக் கேட்க அருந்ததியர் பல ஆண்டு தெருவில் நிற்க வேண்டியிருந்தது. நீதிபதி ஜனார்த்தனம் குழு பரிந்துரைத்த பிறகு, 2009இல் சட்டம் வந்தது. பட்டியல் சாதி இடங்களில் 16 சதவீதம், அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய 3. சக்கிலியர், மாதாரி, பகடை, தோட்டி உட்பட ஏழு பிரிவுகளுக்கு. எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் பட்டியல் சாதித் தலைவர்களும் உண்டு. நம் வீட்டுக் குறை என்று அதை மூடி வைக்க முடியாது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

ஆனால் வேலைவாய்ப்பில் இந்த 3 சதவீதம் அரசுப் பதவிக்குத்தான். தெருக்கூட்டும் வேலையை ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டால் அங்கே அரசுப் பதவியே இல்லை. கூட்டுகிற கை மட்டும் மாறவில்லை.